பிச்சிப்பூவுக்கு ஒன்பது மார்க்

பெங்களூரு
3 ஆகஸ்ட் 2022

சுந்தரி,

போனில் பேசினால் உனக்குப் பாதிதான் கேட்கிறது. கேட்காத பாதியை நீயே இட்டு நிரப்பிக்கொண்டு கோபப்படுகிறாய். அதனால் எழுதுகிறேன். நிதானமாகப் படி.

போன ஐப்பசியில் நீ என் ஆய்வகத்துக்கு அனுப்பிய இருபத்துநான்கு குப்பிகளின் கணக்கும் வந்துவிட்டது. சினை ஊசி போடும் ஞானதுரையின் நைட்ரஜன் டப்பாவில், மாட்டு விந்துக் குச்சிகளுக்கு நடுவில் பயணம் செய்த பிச்சி மொட்டுகள் ஒன்றுகூடக் கெடவில்லை. நீ பென்சிலில் எழுதி ஒட்டிய பெயர்களும் அழியவில்லை. அதற்கு நன்றி.

இனி சங்கடமான விஷயம். மேலநீலிதநல்லூர் பொன்மணி தோட்டத்து மொட்டில், மணத்தை உண்டாக்கும் மரபணு கிட்டத்தட்டத் தூங்குகிறது. கடையநல்லூர் மைதீன் பாட்சா தோட்டத்து மொட்டில் அது நன்றாக வேலை செய்கிறது. பன்னிரண்டு குப்பிக்குப் பன்னிரண்டு குப்பி இதே கதை.

இதை எப்படி அளக்கிறோம் என்று முன்பு கேட்டாய். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு நீயே ஓர் உதாரணம் சொன்னாய், அதைவிட நல்லதாக எனக்கு இன்னும் வாய்க்கவில்லை. வகுப்பிலுள்ள எல்லோருடைய விடைத்தாளையும் துண்டு துண்டாகக் கிழித்து ஒரு சாக்கில் போட்டுவிடுகிறோம். ஒவ்வொரு துண்டாக எடுத்து, இது யார் எழுதியது என்று பார்த்து, அவள் பெயருக்கு நேரே ஒரு கோடு போடுகிறோம். கோடு அதிகமாக இருந்தால் அவள் அதிகம் எழுதியிருக்கிறாள். மரபணு எழுதுவதைத்தான் ஆர்.என்.ஏ. என்கிறோம். நீளமான விடையிலிருந்து துண்டும் அதிகம் வரும் என்பதால் நீளத்தால் வகுத்துக்கொள்கிறோம். இதில் பாரபட்சத்துக்கு இடமே கிடையாது.

ஆனால் அதே செடிகளில் பறிக்காமல் விட்ட மொட்டுகள் விரிந்த பிறகு நீ முகர்ந்து போட்ட மார்க் பட்டியல் என் மேசையில் இருக்கிறது. பொன்மணி தோட்டத்துக்குப் பத்துக்கு ஒன்பது. மைதீன் பாட்சாவுக்கு ஆறு. இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்க முடியாது.

பொன்மணி உன்னிடம் படித்தவள். வாரம் தவறாமல் உனக்கு வெண்டைக்காய் கொண்டுவருகிறவள். தெரிந்தோ தெரியாமலோ கூட்டிப் போட்டிருப்பாய். மனிதர்கள் செய்வதுதான். ஒரு வரி எழுதி ஒப்புக்கொண்டுவிடு, மார்க்கை ஒதுக்கிவிட்டு வேலையைப் பார்க்கலாம்.

கனகலட்சுமி


சங்கரன்கோவில்
14 ஆகஸ்ட் 2022

அன்புள்ள கனகா,

ஆடித் தபசுத் திருவிழாவுக்கு வந்த கூட்டம் இப்போதுதான் வடிந்திருக்கிறது. அதற்குள் பதில் எழுதினால் தபால்காரருக்கும் தொல்லை, எனக்கும் வாயில் நல்ல வார்த்தை வராது என்று பொறுத்திருந்தேன்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். தோட்டத்துக்கு நான்காக எட்டு எவர்சில்வர் டம்ளர். ஒவ்வொன்றிலும் பத்துப் பூ. மேலே வெள்ளைத் துணி. எந்த டம்ளரில் எந்தத் தோட்டம் என்ற சீட்டு ஞானதுரையிடம். ஒரு டம்ளருக்கும் அடுத்த டம்ளருக்கும் நடுவில் ஒரு வாய் வெந்நீர், ஐந்து நிமிடம் சும்மா இருத்தல். இதை மூன்று நாள் செய்தேன். நடுவில் நம் ஞானதுரையிடம், "நீயும் ஒரு தடவை மோந்து பாருய்யா" என்றேன். "எனக்கு எல்லாத்துலயும் மாட்டு வாடைதான் அடிக்கி டீச்சர், என்னைய நம்பாதீக" என்றான். அவனுக்கு இருக்கிற நேர்மை எனக்கு இல்லை என்கிறாய்.

முப்பத்தைந்து வருஷம் விடைத்தாள் திருத்தியிருக்கிறேன். என் தங்கை மகள் ஜெபிஷா என் வகுப்பிலேயே முப்பத்துநான்கு வாங்கித் தோற்றாள். ஒரு மார்க். வீட்டில் இரண்டு மாதம் யாரும் என்னோடு பேசவில்லை. அவளுக்குப் போடாததை வெண்டைக்காய்க்குப் போடுவேனா?

உன் கடிதம் வந்த மறுநாள் பூ மார்க்கெட்டுக்குப் போனேன். அருமைநாயகம் அண்ணாச்சி கடையில் ஒரு கூடையைக் காட்டி, "இது யார் தோட்டத்துப் பிச்சி?" என்று கேட்டேன். அவர் எடைக்கல்லிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "மூக்கு அடைச்சிருக்கோ டீச்சர்? பொன்மணி பூவுல்லா. கூடை இங்கன வந்து எறங்கும் முன்னாடியே வாசம் எறங்கிரும்" என்றார். பக்கத்தில் கேந்திப்பூ கட்டிக்கொண்டிருந்த பெண் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உன் மிஷின் சொல்வது என்னவோ எனக்குத் தெரியாது. அது பொய் சொல்கிறது என்று நான் சொல்லவில்லை. நான் பொய் சொல்லவில்லை என்று மட்டும் சொல்கிறேன். இது உனக்குப் போதாது என்றால் இனி எழுத என்னிடம் ஒன்றுமில்லை.

சுந்தரபாய்


சங்கரன்கோவில்
20 டிசம்பர் 2022

அன்புள்ள கனகா,

நீ பதில் போடவில்லை. இனி எழுத ஒன்றுமில்லை என்று எழுதியவள் நான்தான். அதை இவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடிப்பாய் என்று நினைக்கவில்லை.

முந்தாநாள் என் பிறந்தநாள். பாளையங்கோட்டையில் படித்து முடித்த வருஷத்திலிருந்து அந்த நாளுக்கு முன்னோ பின்னோ உன் கையெழுத்து ஒன்று வந்துவிடும். நீ ஜெர்மனியில் இருந்தபோதுகூட வந்தது, ஜனவரியில். இந்தத் தடவை மூன்று நாளாகப் பதினொரு மணிக்கு வாசலில் போய் நிற்கிறேன். தபால்காரர் சைக்கிளை நிறுத்தாமலே கையை ஆட்டிவிட்டுப் போகிறார். பாவம், அவருக்கு என்னைப் பார்த்தால் குற்ற உணர்ச்சி.

காது இன்னும் மோசம். சர்ச் பாடகர் குழுவிலிருந்து நானே விலகிவிட்டேன். மற்றவர்கள் எங்கே நிறுத்துகிறார்கள் என்று தெரியாமல் நான் மட்டும் தனியாகப் பாடிக்கொண்டிருந்தேன். இப்போது கடைசி பெஞ்சில் உட்காருகிறேன். யாராவது பேச வந்தால் சிரித்துத் தலையாட்டுகிறேன். எதற்குத் தலையாட்டினேன் என்பது வீட்டுக்கு வந்த பிறகும் தெரிவதில்லை. கிறிஸ்துமஸுக்கு கையளவு ஒரு பொடி கேக் வாங்கினேன். அதிலேயே முக்கால்வாசி மிஞ்சும்.

உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது.

சீட்டைப் பார்த்தேன், கனகா. எந்த டம்ளர் யாருடையது என்று தெரிந்துதான் மார்க் போட்டேன். பொன்மணிக்கு இரண்டு, மூன்று கூட்டிப் போட்டிருப்பேன். எப்படிப் பார்த்தேன் என்றெல்லாம் கேட்காதே. என் பட்டியலைத் தள்ளிவிடு. உன் கணக்குப்படியே எழுது.

அது முடிந்தது. இனி எப்போதும்போலக் கடிதம் போடு. என்ன எழுதினாலும் சரி. உன் மாணவர்கள் யார் யாரோடு சண்டை, மத்தியானம் என்ன சாப்பிட்டாய், அது போதும்.

சுந்தரி


பெங்களூரு
29 டிசம்பர் 2022

அடி சுந்தரி,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஹாஸ்டலில் என் ரெக்கார்டு நோட்டில் ஒரே ஒரு வேர்ப் படம் வரைந்து தா என்று கெஞ்சியதற்கு மூன்று நாள் என்னோடு பேசாதவள் நீ. "ஏட்டி, நாளைக்கு நீ பெரிய ஆளாகி இந்தப் படத்தை நம்பி மருந்து கண்டுபிடிப்ப, ஜனம் சாகும்" என்று சொன்னாயே, அது ஞாபகம் இருக்கிறதா? அப்பேர்ப்பட்டவள் வழுக்கினாய் என்றதும், சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு உன்னைக் கொஞ்சம் கூடவே பிடித்துவிட்டது. ஒரு தப்பும் செய்யாத ஆளோடு நாற்பது வருஷம் சிநேகமாக இருப்பது லேசான காரியம் இல்லை.

எல்லாம் சரியாகிவிட்டது. கட்டுரையிலிருந்து மார்க்குப் பகுதியை நீக்கிவிட்டேன். முகர்ந்து பார்த்தவரே தன் மதிப்பெண்ணைத் திரும்பப் பெற்றுக்கொண்டார் என்று ஆய்விதழின் ஆசிரியர் குழுவுக்கு ஒரு வரி. கட்டுரை மாசியில் வரும். கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில் உன் பெயரும் ஞானதுரை பெயரும் இருக்கும். அவனிடம் சொல், மாடுகள் பெருமைப்படட்டும்.

பிறந்தநாளுக்கு எழுதாதது என் திமிர். இதோ பிந்திய வாழ்த்து. இனி மாதம் இரண்டு கடிதம், எண்ணிக்கொள்.

மத்தியானம் சாப்பிட்டது தயிர்சாதம். தினமும் அதுதான். மகன் கனடாவில், வீட்டுக்காரர் மாலை போட்ட படத்தில். ஒருத்திக்குக் குழம்பு வைக்க அலுப்பாக இருக்கிறது. நீ ஒருத்திக்கு எப்படி வைக்கிறாய் என்று எழுது.

கனகா


சங்கரன்கோவில்
17 ஜூன் 2024

அன்புள்ள கனகா,

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறாதே. போன கடிதத்தில் நீ கேட்ட புளிக்குழம்பு அளவைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன்.

சனிக்கிழமை மேலநீலிதநல்லூர் போயிருந்தேன். பொன்மணி தோட்டத்தில் ஆள் வைத்துப் பிச்சியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். வேரோடு. பாத்தி ஓரத்தில் குவியலாகக் கிடந்தது. சில குச்சிகளில் மொட்டு இருந்தது.

பூவிலிருந்து வாசனைச் சாறு எடுக்கிற ஆலைக்காரர்கள் வந்திருக்கிறார்கள், இப்போது இந்த வட்டாரத்துப் பூவை மொத்தமாக எடுப்பது அவர்கள்தான். அவர்கள் உன் கட்டுரையைப் படித்திருக்கிறார்கள். மைதீன் பாட்சா தோட்டத்துக் குச்சியை வாங்கி நட்டால்தான் பூ எடுப்போம், உன்னுடையது வேண்டாம் என்று பொன்மணியிடம் சொல்லிவிட்டார்கள்.

"என்னட்டி, இப்படிப் பிடுங்கிப் போட்டிருக்க?" என்றேன்.

"நான் என்ன செய்ய டீச்சர். பெங்களூர்ல மிஷின்ல போட்டுப் பாத்து புத்தகத்துலயே எழுதிட்டாகளாம், எம் பூவுக்கு மணம் பத்தாதுன்னு. எம் மூக்குக்கு மணக்கு. ஆலை மூக்குக்கு மணக்கலைன்னா நான் போயி சண்டையா போட?"

"அந்தக் கடையநல்லூர்க் குச்சியவே வாங்கி வைக்கலாமே?"

"வேண்டாம் டீச்சர். மக்காச்சோளம் போடப் போறேன். அதுக்கு மணம் வேண்டாம்லா." அவள் சிரித்தாள். பிறகு குனிந்து ஒரு குச்சியை எடுத்து என் கையில் கொடுத்தாள். "நீங்கதான் நல்லாருக்குன்னு சொன்னிய. நீங்களே வச்சுக்கோங்க."

பெயிண்ட் வாளியில் மண் போட்டு வைத்திருக்கிறேன். பிழைக்குமா தெரியவில்லை.

இரண்டு நாளாக ஒரு கேள்வி குடைகிறது. முட்டாள்தனமாக இருந்தால் சிரித்துவிட்டுப் போ. எட்டாம் வகுப்பில் என்னிடம் இரட்டையர் இருவர் படித்தார்கள். ஒரே பெஞ்ச், ஒரே டியூஷன், ஒரே மனப்பாடம். விடையும் வரிக்கு வரி ஒன்றாகவே இருக்கும். கிழித்த துண்டில் அந்த இருவருக்கும் பொதுவான வரி இருந்தால், அது யார் பெயரில் கோடாக விழும்? நீ அந்தத் துண்டை என்ன செய்வாய்?

உன் கணக்கில் தப்பு இருக்கும் என்று சொல்லவில்லை. கேட்கிறேன், அவ்வளவுதான். பதில் எழுது. இதற்கு மட்டுமாவது எழுது.

சுந்தரி


பெங்களூரு
10 நவம்பர் 2025

சுந்தரபாய்,

என்னிடம் வாசிம் என்று ஒரு மாணவன் இருக்கிறான். கடையநல்லூர்ப் பையன், மைதீன் பாட்சாவுக்குத் தூரத்து உறவு. ஆர்.என்.ஏ. எண்ணுகிற முறைகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவதுதான் அவன் ஆராய்ச்சி. பழகுவதற்காக நம் பிச்சிக் கணக்கை எடுத்துக்கொள் என்று நான்தான் கொடுத்தேன்.

அவன் மூன்று விதமாக எண்ணினான். முதலாவது நான் செய்தது: ஒரு துண்டு ஒருத்தியுடையதுதான் என்று தெளிவாகத் தெரிந்தால் கோடு, இரண்டு பேருடையதாக இருக்கலாம் என்றால் துண்டு குப்பைக்கு. இரண்டாவது, ஆளுக்குப் பாதி. மூன்றாவது கொஞ்சம் பொறுமை கேட்பது. எவளுடையது என்று ஐயமில்லாத துண்டுகளை முதலில் எண்ணி, யார் எவ்வளவு எழுதியிருப்பாள் என்று ஓர் உத்தேசம் வைத்துக்கொள்வது. பொதுத் துண்டுகளை அந்த விகிதத்தில் பகிர்வது. பகிர்ந்த பிறகு உத்தேசம் மாறும், மறுபடி பகிர்வது. எண் அசையாமல் நிற்கும்வரை இப்படியே.

ஆயிரக்கணக்கான மரபணுக்களுக்கு மூன்று முறையும் ஏறக்குறைய ஒரே விடை. எங்கே கூடப்பிறந்த மரபணு இருக்கிறதோ அங்கே மட்டும் விடை பிரிகிறது. மைதீன் பாட்சா செடியில் மணத்துக்கான மரபணு ஒன்று. பொன்மணி செடியில் அது இரண்டு. அக்கா தங்கை, அச்சு அசல். இரண்டும் போட்டி போட்டுக்கொண்டு எழுதியிருக்கின்றன. நூறு துண்டில் தொண்ணூற்றுநான்கு துண்டு இருவருக்கும் பொது. அத்தனையையும் நான் குப்பையில் போட்டேன். மீந்த ஆறை எண்ணிவிட்டுத் தூங்குகிறது என்று எழுதினேன்.

முறையை மட்டும் நம்பாமல், உறைபெட்டியில் மீதமிருந்த உன் குப்பிகளை எடுத்து முற்றிலும் வேறு வழியிலும் அளந்தோம். மைதீன் பாட்சா செடியைப்போல் பொன்மணி செடியில் இரண்டு மடங்குக்கும் மேல்.

அதாவது ஒன்பதும் ஆறும் சரி.

பிறகு நான் ஞானதுரைக்குப் போன் செய்தேன். சீட்டை டீச்சர் எப்போது பார்த்தார்கள் என்று கேட்டேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"சீட்டு எஞ் சட்டைப் பைக்குள்ளல்லா கெடந்துச்சு மேடம். டீச்சர் கண்ணை மூடி, அதுக்கு மேல துண்டு வேற கட்டி உக்காந்திருந்தாக. நான்தான் டம்ளரை நீட்டுனேன். ஒரு மட்டம் துண்டு வழுகிட்டு. நான் சும்மா இருந்தேன். 'ஏலே, இறுக்கிக் கட்டு, கள்ள மார்க் போட வைக்காதே'ன்னு அவுகதான் சத்தம் போட்டாக. பாத்தாகளாம்லா? யாரு சொன்னா?"

யார் சொன்னது என்று நான் அவனிடம் சொல்லவில்லை.

நான் கணக்கில் தவறினேன். அது தவறு, அதற்கு மருந்து உண்டு. நீ எனக்குக் கிடைத்த ஒரே எதிர்ச்சாட்சியை உன் கையாலேயே அழித்தாய். அந்த மார்க்குகள் என் மேசையில் கிடந்திருந்தால் என்றைக்காவது ஒரு நாள் உறுத்தியிருக்கும். நீ எடுத்துவிட்டாய். வருகிற ஜூனில் நான் ஓய்வு பெறுகிறேன். அதற்கு முன் என் பெயரில் வந்த கட்டுரையை நானே திரும்பப் பெற வேண்டும்.

ஏன் அப்படி எழுதினாய் என்பதற்கு மட்டும் பதில் வேண்டும். முழங்காலைப் பற்றி விசாரிக்காதே.

கனகலட்சுமி


சங்கரன்கோவில்
19 நவம்பர் 2025

அன்புள்ள கனகா,

சுந்தரி என்ற செல்லப்பெயரை நீ வெட்டிவிட்டாலும் நான் எழுதித்தான் ஆக வேண்டும்.

நான் சீட்டைப் பார்க்கவில்லை.

ஏன் எழுதினேன் என்று கேட்கிறாய். அந்த நான்கு மாதம் இந்த வீட்டில் தபால் என்று வந்தது மின்கட்டணமும் ஓய்வூதியர் சங்கச் சந்தாவும்தான். போன் அடித்தால் கேட்காது. கேட்டாலும் பேச யாரும் இல்லை. நீ கேட்டது ஒரே ஒரு வரி. அதை எழுதினால் நீ திரும்ப வருவாய், எழுதாவிட்டால் வரமாட்டாய். ஒரு பூவுக்குப் போட்ட மார்க் எங்கோ ஒரு புத்தகத்தில் இல்லாமல் போனால் யாருக்கு என்ன என்று நினைத்தேன். உயிர் உள்ள எதற்கும் அதனால் கேடு வராது என்று எண்ணித்தான் கையெழுத்துப் போட்டேன். நாற்பது வருஷம் உயிரியல் படித்தவள் எண்ணுகிற எண்ணமா இது?

பொன்மணி தோட்டத்துக் குவியலைப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது. அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்ல முடியாமல்தான் இரட்டையரைப் பற்றிக் கேட்டேன். கணக்கில் தப்பு என்று நீயாகவே கண்டுபிடித்துவிட்டால் நான் சொல்ல வேண்டியிருக்காதே என்று பார்த்தேன். நீ பதிலில் முழங்கால் அறுவைச் சிகிச்சையைப் பற்றி எழுதியிருந்தாய். எனக்கு உள்ளூர நிம்மதியாக இருந்தது. இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

உன் கடிதம் வந்த மறுநாள் பஸ் ஏறி மேலநீலிதநல்லூர் போனேன். பொன்மணி களத்தில் சோளம் காயப்போட்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கையிலிருந்த பலகையைக் கீழே வைக்கவில்லை.

"அப்ப எம் பூ மணந்துச்சுன்னு ஒங்களுக்கு அன்னைக்கே தெரியும்."

"தெரியும்."

"பிடுங்கும்போது பக்கத்துல நின்னுட்டுத்தான இருந்திய?"

"ஆமா."

அவள் சோளத்தைக் களத்தின் நடுவுக்குத் தள்ளிக் குவித்தாள். பிறகு, "மானம் கறுத்திருக்கு டீச்சர், மழை வரும். படுதா மூடணும். நீங்க பஸ்ஸைப் பிடிங்க" என்றாள். உரத்துத்தான் சொன்னாள், எனக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக.

இந்த வாரம் வெண்டைக்காய் வரவில்லை. அதில் நியாயம் இருக்கிறது.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல், போடுகிறேன்.

சுந்தரபாய்


பெங்களூரு
12 ஜனவரி 2026

சுந்தரி,

இத்துடன் ஓர் அறிவிப்பு இருக்கிறது. கட்டுரையைத் திரும்பப் பெறுவதற்கானது. ஆங்கிலத்தில் ஒரு பக்கம். அதன் சாரம் இரண்டு வாக்கியம். எண்ணும் முறை இரட்டை மரபணுக்களின் துண்டுகளைத் தள்ளிவிட்டதால் முடிவு தலைகீழானது. முகர்ந்து தரப்பட்ட மதிப்பெண்கள் சரியானவை, அவை தவறு என்று பின்னர் தரப்பட்ட கூற்றுதான் உண்மையல்ல.

இரண்டாவது வாக்கியத்துக்கு உன் கையெழுத்து வேண்டும். முதலாவதற்கு என்னுடையது. நன்றி சொல்லும் இடத்தில் அல்ல, அறிவிப்பின் அடியில், ஒன்றின்கீழ் ஒன்றாக. நம் இருவர் பெயரும் சேர்ந்து அச்சில் வருவது இதுதான் முதல் தடவை. மூன்றாமாண்டில் என்னென்னவோ திட்டம் போட்டோமே.

என் பங்கையும் சொல்ல வேண்டும். 2022 ஆகஸ்டில் உனக்கு எழுதியதன் நகலை எடுத்துப் படித்தேன். "இதில் பாரபட்சத்துக்கு இடமே கிடையாது" என்று எழுதியிருக்கிறேன். சாக்கின் பக்கத்தில் ஒரு குப்பைத்தொட்டி இருந்ததை உன்னிடம் சொல்லவே இல்லை. எனக்கே அது ஞாபகத்தில் இல்லை. பிறகு உன் பொய் வந்தபோது, எப்படிப் பார்த்தேன் என்று கேட்காதே என்று நீ எழுதியதே உறுத்தியிருக்க வேண்டும், நான் கேட்கவில்லை. என் எண்ணுக்கு ஒத்துவந்தது, எடுத்துக்கொண்டேன். ரெக்கார்டு நோட்டுக் கதையை நானே எழுதிவிட்டு, அதே கையோடு நீ கள்ள மார்க் போட்டாய் என்று நம்பியிருக்கிறேன். இரட்டையரைப் பற்றி நீ கேட்ட கடிதம் என் கோப்பில் இருக்கிறது. பதினேழு மாதம் கழித்து வாசிம் கண்டுபிடித்தது அந்தக் கேள்விக்கான விடை.

இதனால் உன்மேல் கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. போகவில்லை. போனதும் எழுதுகிறேன். போகாமலே போய்விட்டது என்று எழுதமாட்டேன், நம் இருவரில் ஒருத்தி அப்படி எழுதியது போதும்.

ஒரு வேலை பாக்கி. எல்லாவற்றையும் புதிதாக அளந்து எழுத ஜூன்வரைதான் எனக்கு ஆய்வகம். பொன்மணி செடியின் மொட்டு வேண்டும். பெயிண்ட் வாளியில் வைத்தாயே, அது இருக்கிறதா?

கனகா


சங்கரன்கோவில்
25 ஜனவரி 2026

அன்புள்ள கனகா,

கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். மையில் போட்டிருக்கிறேன், பென்சிலில் அல்ல. போடும் முன் உன் பெயரை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்லூரி மலரில் நம் கட்டுரை வரும் என்று பேசிக்கொண்டு நாம் இரவல் வாங்கிய அந்தப் பச்சை மை பேனா எங்கே போயிற்று?

வாளிச் செடி இருக்கிறது. தளிர்த்து இடுப்புயரம் வந்துவிட்டது. அந்தத் தோட்டத்தில் மிச்சம் என்று உலகத்தில் இருப்பது இது ஒன்றுதான்.

நேற்று காலையில் பொன்மணி வந்தாள். உள்ளே வரவில்லை, காப்பியும் வேண்டாம் என்றாள். வாளியின் முன் குந்தி, கையோடு கொண்டுவந்த கத்தரியால் ஏழு குச்சி வெட்டி ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டாள். தை மாதம் கவாத்துக்கு ஏற்றதுதான், செடி தாங்கும். எழுந்தபோது அவள் வாய் அசைந்தது. எனக்குக் கேட்கவில்லை. வழக்கம்போல் தலையாட்டப் போனேன். ஆட்டாமல், "கேக்கல பொன்மணி, இன்னொரு தரம் சொல்லு" என்றேன்.

"குச்சி வேர் பிடிச்சா சொல்லுதேன்னு சொன்னேன்" என்றாள். போய்விட்டாள்.

நீ கேட்ட மொட்டு ஜூனுக்குள் வருமா என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஞானதுரையிடம் டப்பாவில் இடம் வைக்கச் சொல்லியிருக்கிறேன். தினமும் காலையில் ஒவ்வொரு கணுவாகப் பார்க்கிறேன். வந்தால் வந்தது என்றும் வராவிட்டால் வரவில்லை என்றும் வாரம் ஒரு கடிதம் எழுதுகிறேன். கோபம் போகும்வரை நீ பதில் போட வேண்டாம்.

இன்று மொட்டு இல்லை. பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

சுந்தரி